ரஹீம் சாப் தெரிந்தெடுத்த பதினொரு பேர்

பசறையிலிருந்து லுணுகலைப் பக்கம் போகும் பாதையில், தேயிலை மலையைச் சரித்து எடுத்த ஒரு துண்டு நிலம் எங்களுக்கு மைதானமாக இருந்தது. ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றதற்குப் போக ஆள் இரண்டடி ஏற வேண்டும். மேல் பக்கம் கிடைத்த அணி முதல் பாதியில் வெல்லும், கீழ்ப் பக்கம் போனதும் தோற்கும். அந்த மைதானத்தில் எங்களில் ஒருவன் மட்டும் மேல் கீழ் பார்க்காமல் விளையாடினான். பதினைந்து வயதில் அவனை மாவட்ட மட்டத் தெரிவுக்கு அழைத்துப் போனார்கள். நானும் துணைக்குப் போனேன். அவனுக்கு ஏழு நிமிடம் பந்து கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியல் நாங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே எழுதி முடித்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. அவன் இப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான்.

தெரிவு செய்கிறவரை எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. அமெரிக்கக் கழகங்களில் இளம் வீரர்களை ஆண்டுதோறும் வரிசைப்படி தெரிந்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. தெரிவு செய்த முகாமையாளரின் கணக்கைப் பத்து வருடம் கழித்து எடுத்து வைத்துக்கொண்டு, யாரை எடுத்தார், யாரை விட்டார் என்று பிய்த்துப் போடுவார்கள். 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டொம் பிரேடி அந்த நாட்டின் பெரிய வீரர் ஆனார். அவருக்கு முன் 198 பேரை எடுத்த முகாமையாளர்கள் இன்னமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கணக்கு யாருக்கும் எழுதப்படுவதில்லை. எழுதலாம் என்று நினைத்தால் தெற்காசியாவில் எனக்கு முதலில் நினைவு வருபவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அஜய் தேவ்கன் நடித்து 2024இல் வந்த மைதான் படத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். படத்தை மறந்துவிட்டு மனிதரைப் பார்ப்போம்.

ரஹீம் 1909 ஒகஸ்ட் 17இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பட்டதாரி. தொழில் பள்ளிக்கூட வாத்தியார். காச்சிகுடா, சாதர்காட் போன்ற இடங்களில் படிப்பித்தார். பிறகு உடற்கல்வியில் டிப்ளோமா எடுத்தார். உள்ளூர்க் கழகமொன்றில் உதைபந்தாட்டமும் ஆடினார், ஆனால் அவரை யாரும் பெரிய வீரர் என்று சொன்னதில்லை. 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் ஆனார். அவர் வைத்த போட்டிகள் வேடிக்கையானவை. ஒரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே அடிக்கலாம். இன்னொன்றில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, வாங்கியதும் கொடுத்துவிட வேண்டும். வாத்தியார் மூளை இது. பையனுக்குத் தெரிந்ததைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதில்லை, தெரியாததைக் கொடுத்து அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று பார்ப்பது. ஏழு நிமிடத்தில் இதைப் பார்க்க முடியாது.

1948 செப்டெம்பரில் இந்திய இராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. நிசாமின் ஆட்சி ஐந்து நாளில் முடிந்தது. அதைத் தொடர்ந்த நாட்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். இந்திய அரசே அனுப்பிய சுந்தர்லால் குழு 27,000 முதல் 40,000 வரையானோர் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. நடவடிக்கைக்கு வைத்த பெயர் பொலிஸ் நடவடிக்கை. பெயர் வைப்பதில் அரசுகளுக்கு இருக்கும் திறமை பற்றி எங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நகரத்தின் முஸ்லிம் வாத்தியார் ஒருவர் 1950இல், அதாவது இரண்டே வருடத்தில், ஹைதராபாத் நகரப் பொலிஸ் உதைபந்தாட்ட அணியின் பயிற்றுவிப்பாளராகிறார். அதே வருடம் அந்த அணி டூரண்ட் கிண்ணத்தை வெல்கிறது. பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து வெல்கிறது. கல்கத்தா தவிர்ந்த ஊர்களில் உதைபந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பொலிஸ் அணி என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. தெரிவானவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. ஹைதராபாத்தின் ஏழைத் தெருக்களில் பந்தடித்த பையன்களுக்குச் சீருடையும் மாதச் சம்பளமும் வந்தன. ஆகவே ரஹீம் ஒருவனை எடுத்தால் ஒரு குடும்பத்தில் அடுப்பு எரிந்தது, எடுக்காவிட்டால் எரியவில்லை. இந்தப் பாரத்தோடு செய்யும் தெரிவு வேறு, பத்திரிகையில் உட்கார்ந்து கனவு அணி எழுதுவது வேறு. இலங்கையிலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் என்று படைத்தரப்புக் கழகங்கள் உதைபந்தாட்டத்தில் முன்னணியில் நிற்கின்றன. விளையாடத் தெரிந்த சிங்களக் கிராமத்துப் பையனுக்கு அது ஒரு வாசல். முல்லைத்தீவுப் பையனுக்கோ, எண்பத்து மூன்றுக்குப் பிறகு பசறையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கேயும் யுத்தத்தில் அகப்பட்ட எங்கள் சொந்தக்காரரின் பிள்ளைக்கோ அந்த வாசல் எப்படித் தெரியும்?

ரஹீம் 1950இல் தேசிய அணியின் பொறுப்பையும் ஏற்றார். 1951 டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இறுதியாட்டத்தில் ஈரானை 1–0 என வென்று தங்கம். கோல் அடித்தவர் மேவாலால். அடுத்த வருடமே சறுக்கல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா 10–1 என அடித்து அனுப்பியது. குளிரில், ஈரப் புல்லில், பல இந்திய வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். ரஹீமைப் புகழும் கட்டுரைகள் இந்த ஆட்டத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன. நான் அப்படிச் செய்யமாட்டேன். வெறுங்கால் ஆட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் சப்பாத்து கட்டாயமானது. பத்து கோல் வாங்கியவரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது இந்தியச் சங்கம் செய்த நல்ல காரியம். இன்றைக்கு அப்படி வைத்திருப்பார்களா தெரியாது.

நான்கு வருடம் கழித்து மெல்பேர்ன். இந்த இடைவெளியில் அவர் யாரைத் தேடிப் பிடித்தார் என்பதில்தான் அவருடைய உண்மையான கணக்கு இருக்கிறது. செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகூடா என்ற கிராமத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். மகன் துளசிதாஸ் பலராம், 1936இல் பிறந்தவன். சப்பாத்து வாங்க வசதியில்லை. பழைய பொலிஸ் சப்பாத்தைத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடியவன். தாய்க்கு அவன் ஒரு அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பதே எண்ணம். உள்ளூர் ஆட்டமொன்றில் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். நகரத்துக்கு வந்துபோகக் காசில்லை என்றதும் சைக்கிளில் வந்துபோக வழி செய்தார். இருபது வயதில் பலராம் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் ஆடினார். திறமையைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் அதிகாரிகள் நிறையப் பேர். அந்தத் திறமை பஸ் காசில்லாமல் வீட்டில் நிற்கிறதா என்று கேட்கிறவர் எத்தனை பேர்?

அந்த அணியில் இன்னொரு தமிழ்ப் பெயர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். மெட்ராஸ் படைப்பிரிவில் சேர்ந்தபோது முன்கள வீரர், பிறகு கோல் காப்பாளராக மாறியவர். 1956 டிசெம்பர் 1இல் இந்தியா அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார், மற்றது ஜே. கிருஷ்ணசுவாமியுடையது. அரையிறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியா. டிசூசா முதலில் அடித்து முன்னணி எடுத்துக் கொடுத்தும் 4–1 எனத் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0. நான்காமிடம். ஆனால் பத்து கோல் வாங்கிய நாட்டோடு நான்கு வருடத்தில் இப்படி நிற்க முடிந்தது.

அந்நாளில் கல்கத்தாவில் ஒரு முணுமுணுப்பு ஓயாமல் இருந்தது. ஹைதராபாத்காரரை அள்ளி வைத்துக்கொள்கிறார் என்பது அது. 1956 அணியில் ஹைதராபாத் பையன்கள் அதிகம்தான். தான் வளர்த்த பையனைத் தெரிந்தெடுப்பது பட்சபாதமா, அனுபவமா? எனக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது, அது 1962 அணி. பதினொரு பேரையும் ஊர் ஊராகப் பாருங்கள். வங்காளத்திலிருந்து சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, அருண் கோஷ், பிரசாந்தா சின்ஹா. கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து சந்திரசேகரன். மேற்குக் கரையிலிருந்து ஃபிராங்கோ. பஞ்சாபிலிருந்து ஜர்னைல் சிங். திரிலோக் சிங். ஹைதராபாத்திலிருந்து யூசுப் கான், பலராம், தங்கராஜ். மாற்று வீரர்களில் அருமைநாயகம், எத்திராஜ். தன் ஊரை மட்டும் பார்த்த மனிதர் இப்படி எடுக்கமாட்டார்.

ஜர்னைல் சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர்ப் பக்கத்தில் பிறந்தவர். 1947இல் பதினொரு வயதில் பிரிவினைக் கலவரத்துக்குள்ளால் எல்லை கடந்து வந்த பிள்ளை. பின்களத்தில் அவரைத் தாண்டிப் போக எதிரிகள் பயந்தார்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா. ரஹீமுக்கு அப்போது புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. தாய்லாந்தை 4–1 என வென்ற ஆட்டத்தில் ஜர்னைலின் தலை பிளந்து தையல் போட்டார்கள். அடுத்து ஜப்பானை 2–0 என வென்றார்கள். அரையிறுதிக்கு ரஹீம் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு நின்ற பின்கள வீரரை முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். மாணவப் பருவத்தில் அவர் முன்களத்தில் ஆடியவர் என்பது நினைவில் இருந்திருக்கிறது. தென்வியட்நாமை 3–2 என வென்ற அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார், சுனி இரண்டு.

இறுதியாட்டம் செப்டெம்பர் 4. மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்ததைக் கண்டித்து இந்திய விளையாட்டு அதிகாரி சோந்தி பேசியதால் ஜகார்த்தா கொதித்துக்கொண்டிருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. வீரர்கள் பஸ்ஸில் இந்தியக் கொடியில்லாமல், குனிந்து உட்கார்ந்து மைதானத்துக்குப் போனார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எதிராகக் கத்திய மைதானத்தில், இந்திய அணிக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் இருந்தார்கள். முந்திய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்து அணியை இறுதிக்குக் கொண்டுவந்திருந்தார். வென்ற காப்பாளரை மாற்றக் கூடாது என்பது எல்லா ஊரிலும் வாய்ப்பாடு. கொரியர்கள் உயரப் பந்தால் அடிப்பார்கள் என்று கணித்து, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை இறக்கினார்கள். 17ஆவது நிமிடத்தில் பானர்ஜி அடித்தார். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் அடித்தார். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2–1. பர்மனுக்கு அன்று மனதில் என்ன இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. சரியான தெரிவாலும் ஒருவர் வெளியில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11இல் ரஹீம் காலமானார். வயது 53.

அதற்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டு விழா உதைபந்தில் தங்கம் வென்றதில்லை. 1960 ரோமில் பிரான்ஸோடு 1–1 எனச் சமநிலை கண்ட அணிக்குப் பிறகு ஒலிம்பிக்கிலும் ஆடியதில்லை. அவர் வளர்த்தவர்கள் இருந்தவரை வண்டி கொஞ்சத் தூரம் உருண்டது. 1964 ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம். 1970 ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலம். பயிற்றுவித்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி, தலைவர் ஹைதராபாத் பொலிஸ் அணியில் வளர்ந்த நயீமுதீன். இதை ரஹீமின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இது அவர் கணக்கில் உள்ள பெரிய பற்று என்றுதான் படுகிறது. வீரர்களைத் தெரிந்தெடுத்தவர் தன் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்கவில்லை. அவர் முறை அவர் தலைக்குள் இருந்தது, அதோடு போய்விட்டது. நோய் அவகாசம் தரவில்லை என்பார்கள். பதின்மூன்று வருடம் தந்திருந்தது. சங்கமும் கேட்கவில்லை என்பது உண்மை. வெற்றி வரும்போது எந்தச் சங்கம் கேட்டிருக்கிறது?

பலராம் 2023 பெப்ரவரி வரை வாழ்ந்தார். சுனியும் பானர்ஜியும் 2020இல் ஒரே பருவத்தில் போனார்கள்.

ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் நல்ல இடைக்கள வீரர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் இருந்தது. மகனை அழைத்துப் போனார் என்று பேசியவர்களும் இருந்திருப்பார்கள். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு என்று மூன்று ஆட்டம் நடந்தது. மூன்றிலும் தகப்பன் அவரை இறக்கவில்லை. ஹக்கீம் பிறகு விமானப்படை அதிகாரியானார், சர்வதேச நடுவரானார், பயிற்றுவிப்பாளரானார், 2021 ஒகஸ்டில் காலமானார். ஒலிம்பிக்கில் ஒரு நிமிடமும் ஆடவில்லை.