எனக்குப் பிடிக்காத ஷேக்ஸ்பியர்

ஷேக்ஸ்பியர் என்றதும் கைகூப்புவோர் பலர். அவர் எழுதியவற்றுள் பிடிக்காதது எது என்று சொல்லத் துணிவோர் சிலரே. தேர்வுத் தாளில் புகழ்மாலை தொடுத்தே பழகிவிட்டோம் நாம். எனக்கு இரண்டு நாடகங்கள் பிடிக்கவில்லை: டைட்டஸ் ஆண்ட்ரானிக்கஸ், ஏதென்ஸ் நகரத்து டைமன். காரணம் சொல்லுமுன் அவர் வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்பர்டு என்னும் ஊரில் 1564-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தையார் ஜான் கையுறை செய்து விற்றவர். பின்னர் ஊர்த் தலைவராகவும் உயர்ந்தார். ஷேக்ஸ்பியர் 18 வயதில், தம்மினும் எட்டு வயது மூத்த ஆன் ஹாத்தவேயை மணந்தார். 1583-இல் ஒரு மகள். 1585-இல் இரட்டைக் குழந்தைகள். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். 1592-இல், பட்டம் பெற்ற ராபர்ட் கிரீன் பெயரால் வெளிவந்த சிறு நூலொன்று, நடிகன் நாடகமும் எழுத வந்துவிட்டானே என்று அவரை எள்ளி நகையாடியது. அவரைப் பற்றிய முதல் கேலிச்சித்திரம் சொல்லால் வரையப்பட்டது எனலாம்.

அந்த இளமைக் காலத்து நாடகம் டைட்டஸ். அதில் ஜார்ஜ் பீலுக்கும் பங்குண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. 1594-இல் அச்சேறி, 1611-க்குள் மூன்று பதிப்புக் கண்டது. மக்கள் அதை அவ்வளவு விரும்பினர். எனக்கோ அது ஆகவில்லை. கை வெட்டப்படுகிறது, நா அறுக்கப்படுகிறது, தாய்க்கு அவள் பிள்ளைகளின் ஊனே விருந்தாகிறது. ஒரு துயருக்கு நாம் அழுது முடிக்குமுன் அடுத்த கொலை வந்து நிற்கிறது.

1596-இல் அவருடைய ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் மாண்டான். 1599-இல் குளோப் அரங்கு எழுந்தது. ஹாம்லெட், ஒதெல்லோ, லியர், மாக்பெத் ஆகியவை பிறந்தன. டைமனும் அக்காலத்ததே. வாரி வழங்கிய செல்வன் கடனாளியானதும் நண்பர்கள் கைவிடுகின்றனர். அவன் காடேகி மனித குலத்தையே சபிக்கிறான். லியருக்கு அன்பு செலுத்த ஒரு மகள் உண்டு. டைமனுக்கு மனைவியில்லை, மக்களில்லை, வெறுப்பே மிச்சம்.

1613-இல் குளோப் எரிந்தது. 1616 ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் மறைந்தார். 1623-இல் உடன் நடித்த நண்பர் இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் பாதி முன்பு அச்சேறாதவை. மாக்பெத்தும் அதில்தான் முதலில் அச்சாயிற்று, டைமனும் அதில்தான்.

அந்த மாக்பெத் ஓவியர்க்குக் கருவூலமாயிற்று. 1791-இல் ஜேம்ஸ் கில்ரே என்னும் கேலிச்சித்திரக்காரர் பிரதமர் பிட்டையும் அமைச்சர் இருவரையும் மூன்று சூனியக்காரிகளாக வரைந்தார். அவர்கள் அண்ணாந்து பார்க்கும் நிலவில் ஒளிப்பக்கம் அரசியின் முகம். இருட்பக்கம் அரசரின் முகம். அரசரின் மனநோயை நாடறிந்த காலம் அது. சூனியக்காரியின் கொப்பரை, ஹாம்லெட் கையில் மண்டையோடு, சீசரின் முதுகில் கத்தி ஆகியவை இன்றும் கருத்துப்படங்களில் வருகின்றன. பார்த்ததும் புரியும் காட்சியே கேலிச்சித்திரத்துக்கு உயிர். டைமனில் அப்படி ஒரு காட்சி எனக்கு அகப்படவில்லை.

ஆயினும் ஒரு வேடிக்கை. ஹாம்லெட்டின் சாயலில் 1994-இல் வந்த சிங்க ராஜா என்னும் கார்ட்டூன் படத்தில், கீரியினத்துச் சிறு விலங்கொன்று வருகிறது. தனித்துத் திரியும் சிங்கக்குட்டிக்கு அதுவே தோழன். அதன் பெயரும் டைமன்!

பிடிக்காததை ஒளிக்காமல், பழிக்காமல், காரணத்தோடு சொல்லிப் பழகுவோம். பிடித்ததை மட்டுமே அந்த நண்பர்கள் பொறுக்கியிருந்தால் எதை இழந்திருப்போமோ, யாரறிவார்? ஆகவே டைமனையும் ஒருமுறை படியுங்கள். பிறகு என்னோடு வாதாட வாருங்கள்.