மூன்று முறை வீழ்ந்த செந்தாடி



ரிசல்ட் வந்த அன்று ஹாஸ்டல் வராந்தாவைப் பார்த்திருப்பீர்கள். மூன்று அரியர் வைத்த நண்பன் ஒருவன் தூணில் சாய்ந்துகொண்டு, நம்ம கதை முடிஞ்சுபோச்சுன்னு புலம்பிக்கொண்டிருப்பான். சுற்றி நிற்கும் நாமும் ஆறுதல் சொல்லத் தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்போம். அப்படிப்பட்ட நண்பர்களுக்காகவே ஒருவனுடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். அவன் உத்தமன் அல்ல. ஐரோப்பியக் கடற்கரைத் தாய்மார்களுக்கு அவன் பெயரே குலைநடுக்கம். ஆனால் விழுந்த ஒவ்வொரு முறையும் முன்னைவிடப் பெரிய ஆளாக எழுந்தவன். சரித்திரம் அவனை பார்பரோசா என்று அழைக்கிறது. செந்தாடிக்காரன் என்று பொருள்!

குயவர் வீட்டுப் பிள்ளை

இன்று கிரேக்க நாட்டில் இருக்கும் லெஸ்போஸ் தீவு, 1462ல் துருக்கியரான ஒட்டோமான்களின் கைக்கு வந்தது. அங்கே குடியேறிய யாகூப் என்ற போர்வீரர், பிறகு மண்பாண்டத் தொழில் செய்து பிழைத்தார். அவருக்கு நான்கு ஆண் பிள்ளைகள். இஷாக், ஒருச், ஹிசிர், இலியாஸ். மூன்றாவதாகச் சொன்ன ஹிசிர்தான் நம் கதாநாயகன். இல்லை, வில்லன் என்றே வைத்துக்கொள்வோம்!

அப்பா செய்த பானைகளைப் படகில் ஏற்றித் தீவு தீவாக விற்றதில்தான் அண்ணன் தம்பிகளுக்குக் கடல் பழகியது. ஒருநாள் ரோட்ஸ் தீவைச் சேர்ந்த கிறித்தவப் போர்வீரர்களின் கப்பல் அவர்களை மறித்தது. இலியாஸ் கொல்லப்பட்டான். ஒருச் பிடிபட்டு, துடுப்புக் கப்பலில் சங்கிலியால் கட்டப்பட்டு அடிமையாகத் துடுப்பு வலித்தான். பிறகு விடுபட்டு வந்தான். இந்தத் துடுப்பையும் சங்கிலியையும் நினைவில் வையுங்கள். கதையின் கடைசி வரை இவை வரும்.

அதன்பின் சகோதரர்கள் மேற்கே போனார்கள். டூனிஸ் சுல்தானிடம் துறைமுகத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டு, கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். 1492ல் கிரனாடா வீழ்ந்த பிறகு ஸ்பெயினில் முஸ்லிம்களுக்கு வாழ்வு கடினமாகிவிட்டிருந்தது. அவர்களில் பலரைக் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரையில் சேர்த்ததும் இந்தச் சகோதரர்களின் கூட்டம்தான். ஆக, ஒரு கரைக்குக் கொள்ளைக்காரன், மறு கரைக்குக் காப்பாற்ற வந்தவன்!

முதல் அடி

1516ல் அண்ணன் ஒருச் அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தான். உதவிக்குக் கூப்பிட்ட உள்ளூர்த் தலைவனையே தீர்த்துக்கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்து உள்நாட்டு நகரமான திலெம்சென் மீது ஆசை வந்தது. அங்கேதான் தவறு. கடலில் புலியாக இருந்தவன் கடலை விட்டு வெகுதூரம் போய்விட்டான். 1518ல் ஸ்பானியப் படை முற்றுகையிட்டுத் துரத்தியது. துரத்துபவர்கள் பொறுக்கிக்கொண்டு நிற்கட்டும் என்று பொன்னையும் நாணயங்களையும் வழியெல்லாம் இறைத்துக்கொண்டே ஓடினான் என்று ஒரு செய்தி உண்டு. அந்தத் தந்திரமும் பலிக்கவில்லை. ஒருச் கொல்லப்பட்டான். இஷாக் அதற்குச் சற்று முன்பே இறந்திருந்தான்.

நான்கு பேரில் மிஞ்சியது ஹிசிர் ஒருவன்தான். ஒரு பக்கம் ஸ்பெயின், மறு பக்கம் பகையான உள்ளூர்த் தலைவர்கள். நாமாக இருந்தால் கிடைத்த படகில் ஊரைப் பார்த்துப் போயிருப்போம். அவன் என்ன செய்தான் தெரியுமா? தான் பிடித்து வைத்திருந்த அல்ஜியர்ஸைத் தூக்கி ஒட்டோமான் சுல்தான் செலீமின் காலடியில் வைத்துவிட்டான்! அப்போதுதான் எகிப்தை வென்று முடித்திருந்தவர் செலீம். ஒரு செலவும் இல்லாமல் மேற்கே ஒரு மாகாணம் கிடைக்கிறது. விடுவாரா? ஹிசிரை ஆளுநராக்கி, 2000 ஜானிசரி வீரர்களையும் பீரங்கிகளையும் அனுப்பினார். கொள்ளைக்காரன் ஒரே கடிதத்தில் அரசாங்க அதிகாரி ஆனான். ஹைரெத்தீன் என்ற பட்டப் பெயரும் சேர்ந்தது. அண்ணனின் செந்தாடிப் பெயரையும் அவனே சுமந்தான். 1519ல் அல்ஜியர்ஸைப் பிடிக்க வந்த ஸ்பானியக் கடற்படை புயலிலும் போரிலும் சிதைந்து திரும்பியது.

இரண்டாவது அடி

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? இல்லை. 1520 வாக்கில், கூட்டாளியாக இருந்த குக்கு மலைநாட்டுத் தலைவன் அஹ்மத் இப்னு அல்காதி எதிரியாக மாறினான். உள்ளூர் மக்களும் அவன் பக்கம் சாய, அல்ஜியர்ஸ் கைவிட்டுப் போனது. வெளியே இருந்து வந்த புயலைத் தாங்கியவன், உள்ளே இருந்து வந்த கசப்பில் விழுந்தான்.

ஹைரெத்தீன் கிழக்கே இருந்த ஜிஜெல் என்ற சிறு துறைமுகத்துக்குப் போனான். 1514 முதலே சகோதரர்களுக்கு அது தளம். இழந்த நகரத்தை உடனே போய் முட்டவில்லை. முதலில் கடலில் இறங்கிக் கப்பல்களைப் பிடித்தான். அந்தப் பணத்தில் ஆள் சேர்த்தான். பக்கத்துத் துறைமுகங்களை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்தக் கணக்கு. சுமார் ஐந்து ஆண்டுகள்! 1525ல் அல்ஜியர்ஸுக்குள் மறுபடி நுழைந்தான்.

சிவில்காரங்க கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. அல்ஜியர்ஸ் நகருக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு பாறைத் தீவு. அதில் 1510 முதல் ஸ்பானியர்களின் கோட்டை. பெனோன் என்று பெயர். நகரின் தொண்டையில் சிக்கிய முள். 1529 மே மாதம் ஹைரெத்தீன் நாள்கணக்கில் பீரங்கியால் அடித்து அதைப் பிடித்தான். பிடித்த கோட்டையைப் பூட்டி வைத்தானா? இல்லை. இடித்தான். அந்தக் கல்லைக் கொண்டே கடலில் அணை போட்டு, தீவையும் கரையையும் ஒன்றாக்கினான். எதிரியின் சுவர் அவனுடைய துறைமுகத்துக்கு அலை தடுக்கும் சுவர் ஆனது! பின்னாளில் 300 ஆண்டுகள் பேர் சொன்ன அல்ஜியர்ஸ் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் அதுதான்.

ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தது யார்? பிடிபட்ட கிறித்தவ அடிமைகள். படத்தில் துறைமுகம் தெரியும், சுமந்த முதுகு தெரியாது.

மூன்றாவது அடி

1533ல் சுல்தான் சுலைமான் அவனை இஸ்தான்புல்லுக்கு அழைத்து, முழுக் கடற்படைக்கும் தலைவனாக்கினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் கப்பல் கட்டும் துறையிலேயே நின்று புதிய கப்பல்களைக் கட்டவைத்தான். 1534ல் இத்தாலியக் கரையைச் சூறையாடிவிட்டு, ஆகஸ்டில் டூனிஸைப் பிடித்தான். ஒரு காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கட்டி ஒதுங்கியிருந்த அதே டூனிஸ்!

ஐரோப்பா பொறுக்கவில்லை. ஸ்பெயின் மன்னரும் புனித ரோமப் பேரரசருமான ஐந்தாம் சார்லஸ் தானே நேரில் கிளம்பினார். அவருடைய கடற்படைத் தளபதி ஜெனோவாவின் ஆந்த்ரேயா டோரியா. பல நூறு கப்பல்கள். 1535 ஜூலையில் டூனிஸின் வாசலான கொலெத்தா கோட்டை விழுந்தது. ஹைரெத்தீனின் கப்பல்களில் பெரும்பகுதி அங்கேயே பறிபோனது.

மிச்சப் படையோடு நகருக்கு வெளியே சண்டை போட்டுவிட்டு அவன் திரும்பிப் பார்த்தால், உள்கோட்டையின் கதவு சாத்தியிருக்கிறது! உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான கிறித்தவ அடிமைகள் சங்கிலியை உடைத்துக்கொண்டு கோட்டையைக் கைப்பற்றிவிட்டார்கள். துடுப்பு வலித்தவர்களும் கல் சுமந்தவர்களும் சேர்ந்து அவனை வெளியே நிறுத்திவிட்டார்கள். பீரங்கியைவிட வலிய அடி அதுதான் என்று நான் நினைக்கிறேன். நகருக்குள் புகுந்த சார்லஸின் படையும் உத்தமர்கள் அல்ல. அப்பாவி டூனிஸ் மக்களை அவர்கள் வெட்டிச் சாய்த்தது வரலாற்றின் கறை.

ஐரோப்பா கொண்டாடியது. சார்லஸ் இந்த வெற்றியை 12 பெரிய திரைச்சீலைகளில் படமாக நெய்யச் சொன்னார். செந்தாடி ஒழிந்தான் என்ற நிம்மதி.

ஆளு ஒழியவில்லை! டூனிஸில் எல்லாக் கப்பலையும் அவன் நிறுத்தவில்லை. சுமார் 15 கப்பல்களைத் தனியாக, மேற்கே போனா துறைமுகத்தில் (இன்றைய அன்னாபா) விட்டு வைத்திருந்தான். தரைவழியாகப் போய் அவற்றில் ஏறி, டோரியாவின் ஆட்கள் வந்து சேர்வதற்குள் அல்ஜியர்ஸுக்கு நழுவினான். தோற்றவன் கிழக்கே, சுல்தானிடம் ஓடுவான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவன் வடக்கே, ஸ்பெயினின் சொந்தத் தீவான மினோர்க்காவுக்குப் போனான். கொடிமரத்தில் ஸ்பானியக் கொடி! வெற்றி பெற்ற நம் கப்பல்கள் திரும்புகின்றன என்று மஹோன் துறைமுக மக்கள் நினைத்தார்கள். தெரிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது. செப்டம்பரில் நகரைச் சூறையாடி, நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனான். டூனிஸ் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தோற்றவனை சுலைமானும் கைவிடவில்லை. பதவி அப்படியே இருந்தது.

பிரெவேசா

1538 செப்டம்பர். கிரேக்கக் கரையில் பிரெவேசா. போப், வெனிஸ், ஸ்பெயின் எல்லாம் சேர்ந்த கூட்டுக் கடற்படைக்கு அதே டோரியா தலைவர். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். ஹைரெத்தீன் குறுகிய வாயுள்ள வளைகுடாவுக்குள், கரைப் பீரங்கிகளின் பாதுகாப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். திறந்த கடலில் இலையுதிர் காலக் காற்றோடு மல்லுக்கட்டிய டோரியா தெற்கே நகரத் தொடங்கியதும் வெளியே பாய்ந்தான்.

காற்று விழுந்தது. பாய்மரக் கப்பல்கள் மரக்கட்டையாக நின்றன. துடுப்புக் கப்பலுக்குக் காற்று எதற்கு? மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உந்துசக்தி கையில் இருப்பவன்தான் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுக்கிறான். நகர முடியாத கப்பல்களைப் பிரித்துப் பிரித்து அடித்தான். டோரியா பின்வாங்கினார். 1571ல் லெபாந்தோ போர் வரும்வரை மத்தியதரைக் கடலில் ஒட்டோமான் கைதான் ஓங்கியிருந்தது. அவனை விலைக்கு வாங்கிவிடலாம் என்று சார்லஸின் ஆட்கள் ரகசியமாகப் பேரம்கூடப் பேசிப் பார்த்தார்கள். அவன் பேச்சை வளர்த்தான், கட்சி மாறவில்லை.

1543ல் பிரான்ஸ் மன்னருக்குத் துணையாக நீஸ் நகரை முற்றுகையிட்டான். அந்தக் குளிர்காலத்தில் அவன் படை தங்குவதற்காகத் தூலோன் நகரையே மன்னர் காலி செய்து கொடுத்தார்! திரும்பும் வழியில், 1544ல், லிப்பாரி தீவின் மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக ஏற்றிப் போனான். 1546ல் இஸ்தான்புல்லில் மாளிகையில், படுக்கையில் இறந்தான். கட்டடக்கலை மேதை சினான் கட்டிய கல்லறை பெஷிக்தாஷ் கரையில் இன்றும் இருக்கிறது. துருக்கிக்கு அவன் மாவீரன். லிப்பாரிக்கு அவன் எமன்.

நமக்கு என்ன?

நண்பர்களே, மூன்று வீழ்ச்சியிலும் அவன் செய்தது ஒன்றுதான். போனதை எண்ணிக்கொண்டு உட்காராமல், மிச்சம் இருப்பதை எண்ணினான். 1518ல் மிஞ்சியது ஒரு நகரம். அதைக் கொடுத்து ஒரு சாம்ராஜ்யத்தின் துணையை வாங்கினான். 1520ல் மிஞ்சியது ஒரு சிறு துறைமுகம். 1535ல் மிஞ்சியது 15 கப்பல்கள். மூன்று அரியர் போனால், பாஸான பேப்பர் எத்தனை என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

ஆனால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒருச் சங்கிலியில் கிடந்து துடுப்பு வலித்த வேதனை அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஆயிரமாயிரம் பேருக்கு அதே சங்கிலியை மாட்டினான் தம்பி. டூனிஸ் கோட்டையின் கதவை அவன் முகத்தில் அடித்துச் சாத்தியது அந்தச் சங்கிலிதான். எத்தனை தந்திரம் இருந்தும், தன் காலடியில் இருந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

நாளைக்கு டிப்ளமோ முடித்து, ஏதோ ஒரு சைட்டிலோ ஷாப் ஃப்ளோரிலோ சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். நம் கண் முன்னே கல் சுமப்பவர்கள் இருப்பார்கள். எழுவதை செந்தாடியிடம் கற்போம். யார் தோளில் ஏறி எழுகிறோம் என்பதை மட்டும் அவனிடம் கற்க வேண்டாம்.