அருளை நம்பிய ஜான் வெஸ்லி

இங்கிலாந்து நாட்டின் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்த் திருச்சபையின் குருவானவராக இருந்த சாமுவேல் வெஸ்லிக்கும் அவர்தம் துணைவியார் சூசன்னாவுக்கும் 1703ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிறந்தவர் ஜான் வெஸ்லி. அவ்வம்மையார் ஈன்ற மக்கள் பத்தொன்பதின்மர். அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். குருவானவர் வீடு என்றாலும் அங்கு வறுமைக்குக் குறைவில்லை. கடனைத் தீர்க்க இயலாமல் தந்தையார் 1705ஆம் ஆண்டில் சிறையிலும் இருந்தார். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி நடத்தியவர் தாயார்தாம்.

1709ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓரிரவு அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவனான ஜான் மாடியில் அகப்பட்டுக் கொண்டான். ஏணி கொணர நேரமில்லை. ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று சாளரத்தின் வழியே அவனை இறக்கினர். உடனே கூரை சரிந்தது. ஏதோ ஒரு பணிக்காகவே இறைவன் தம் மகனைக் காத்தார் என்று அன்னை நம்பினார்.

அம்மகன் ஆக்ஸ்போர்டில் பயின்று, 1726இல் லிங்கன் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு பெற்றார்; 1728இல் குருப்பட்டமும் பெற்றார். தம்பி சார்லசும் நண்பர் சிலரும் கூடி அமைத்த சிறு குழுவுக்குத் தலைவரானார். அதிகாலையில் எழுதல், வாரம் இருநாள் நோன்பு, சிறைக் கைதிகளைக் காணல், ஏழைகளுக்கு ஈதல், நாளின் ஒவ்வொரு நாழிகையையும் குறிப்பேட்டில் எழுதிக் கணக்குப் பார்த்தல் என அவர்தம் வாழ்வு கடுந்தவமாகவே இருந்தது. ஆண்டுக்கு முப்பது பவுன் வருவாய் வந்தபோது இருபத்தெட்டில் வாழ்ந்து இரண்டைத் தானமளித்தார். வருவாய் அறுபதானபோதும் அதே இருபத்தெட்டில் வாழ்ந்து எஞ்சியதைக் கொடுத்துவிட்டார். முறைமைக்காரர் என்னும் பொருள்பட மற்ற மாணவர் இவர்களை மெதடிஸ்டுகள் என்று ஏளனம் செய்தனர். அந்த ஏளனமே பின்னாளில் ஒரு திருச்சபையின் பெயராயிற்று.

இத்தனை செய்தும் அவர் உள்ளத்தில் அமைதி இல்லை. இறைவன் தம்மை ஏற்றுக்கொண்டாரா என்ற ஐயம் அவரை விட்டகலவில்லை. இன்னும் அரிய பணி செய்தால் தெளிவு பிறக்கும் என்றெண்ணி, 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாக் குடியேற்றத்திற்குக் கப்பலேறினார். நடுக்கடலில் பெரும்புயல் எழுந்தது. பாய்மரச் சீலை கிழிந்தது. கடல்நீர் தளத்தில் புரண்டது. ஆங்கிலப் பயணிகள் அலறினர். அதே கப்பலில் சென்ற மொரேவியர் என்னும் ஜெர்மானிய எளிய மக்களோ, தாம் தொடங்கியிருந்த பாடலை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தனர். உங்களுக்கு அச்சமில்லையா என்று பின்னர் வெஸ்லி கேட்க, தங்கள் பெண்டிரும் பிள்ளைகளும்கூடச் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று அவர்களுள் ஒருவர் விடை கூறினார். ஆக்ஸ்போர்டு அறிஞர் தம் உயிருக்கு நடுங்கியதை ஒளிக்காமல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவரிடத்தில் நான் பெரிதும் மதிப்பது இந்த நேர்மையைத்தான்.

ஜார்ஜியாப் பணி தோல்வியிலேயே முடிந்தது. திருச்சபை விதிகளை அவர் விறைப்பாக நடத்தினார். தாம் விரும்பிய ஒரு பெண் வேறொருவரை மணந்தபின், அவருக்குத் திருவிருந்து தர மறுத்து வழக்கிலும் சிக்கினார். 1738ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறரைத் திருத்தச் சென்ற தாமே இன்னும் திருந்தவில்லை என்ற துயரத்தோடு தாயகம் திரும்பினார்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். தலைமையாசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் தேர்வு முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். தம் எண்ணைக் கண்டு துள்ளிய பிள்ளைகளைக் காட்டிலும், அதைக் காணாது வீடு செல்லக் கூசி வேப்பமரத்தடியில் நின்ற பிள்ளைகளே என் நினைவில் நிற்கின்றனர். மதிப்பெண்ணே மனிதனின் மதிப்பு என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமே. தேறியவனுக்கும் இந்நோய் உண்டு; அது வேறு வடிவில் வரும். உத்தியோகம் கிடைத்ததும் தான் பிறந்த சேரியின் பெயரைச் சொல்ல நாணுவான். வெஸ்லியோ தேர்வுகளில் எல்லாம் தேறியவர். ஆயினும் அத்தேர்ச்சியின் மீது அவரால் நிற்க முடியவில்லை.

இலண்டனில் பீட்டர் பேலர் என்னும் மொரேவியப் போதகரை அவர் சந்தித்தார். மீட்பு என்பது ஈட்டிப் பெறும் கூலியன்று. இறைவன் இலவசமாகத் தரும் கிருபை. விசுவாசத்தால் ஏற்பதொன்றே மனிதன் செய்யக்கூடியது என்று பேலர் எடுத்துரைத்தார். தமக்கே அந்த விசுவாசம் இல்லாதபோது எவ்வாறு பிரசங்கிப்பது என்று வெஸ்லி தயங்கினார். கிட்டும்வரை அதையே பிரசங்கிக்குமாறும், கிட்டியபின் கிட்டியதனால் பிரசங்கிக்குமாறும் பேலர் அறிவுறுத்தினார். அதன்படி அவர் முதன்முதலில் அச்செய்தியைக் கூறியது மரணதண்டனை பெற்ற ஒரு கைதியிடமாகும். இனி நற்செயல் செய்து காட்ட நாளே இல்லாத மனிதன் அவன்!

1738 மே 24ஆம் நாள் மாலை, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு அவர் விருப்பமின்றியே சென்றார். ரோமர் நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக் கொண்டிருந்தார். மணி ஒன்பதை நெருங்கும் வேளையில் தம் உள்ளத்தில் இனம்புரியாத வெம்மை பரவியதையும், தம்மையன்றிக் கிறிஸ்துவை மட்டுமே நம்பியிருப்பதையும் அவர் உணர்ந்தார். ஐயங்கள் அன்றே ஒழிந்துவிடவில்லை. அதையும் அவரே எழுதியுள்ளார்.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு முதன்மையானது. அவரது செய்தியைப் பொறாத ஆலயங்கள் கதவடைத்தன. 1739 ஏப்ரலில், நண்பர் ஒயிட்ஃபீல்டைப் பின்பற்றிப் பிரிஸ்டல் நகரருகே திறந்த வெளியில் நின்று பேசினார். ஒழுங்கை உயிரெனக் கருதிய அவருக்கு அது பெருங்கூச்சமாக இருந்தது. கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் திரள்திரளாக வந்து கேட்டனர். பள்ளியும் ஆலயமும் அறியாத, நாகரிகர் அருவருத்து ஒதுக்கிய மக்கள் அவர்கள். கரி படிந்த அவர்தம் கன்னங்களில் கண்ணீர் வெண்கோடுகள் இட்டதை ஒயிட்ஃபீல்டு கண்டார். தகுதி கேளாத இறைவன் ஒருவன் உண்டு என்பதை அவர்கள் கேட்டது அதுவே முதன்முறை போலும். பக்கிங்காம் சீமாட்டியோ, மண்ணில் ஊரும் எளியோரின் நெஞ்சைப் போலவே தம் நெஞ்சும் பாவமுடையது என்று இப்போதகர்கள் சொல்வது உயர்குலத்தாருக்கு அவமதிப்பு என்று கடிதம் எழுதினார். அப்போதனையின் வலிமையை அவ்வம்மையார் சரியாகவே புரிந்துகொண்டார்!

விசுவாசமே போதுமெனின் உழைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்திலேயே சிலர் அவ்வாறு வாதிட்டு, செபத்தையும் திருவிருந்தையும்கூட விட்டுச் சும்மா இருப்பதே மேல் என்றனர். வெஸ்லி அதனை மறுத்து 1740இல் அவர்களை விட்டுப் பிரிந்தார். சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஒயிட்ஃபீல்டு தொடங்கிய பள்ளியைக் கட்டி முடித்தார். 1746இல் இலண்டனில் ஏழைகளுக்கு மருந்தகமும், சிறுதொகை கடன் தரும் நிதியும் ஏற்படுத்தினார். 1774இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். முன்பு அச்சத்தால் செய்ததை இப்போது நன்றியால் செய்தார், வேறுபாடு அவ்வளவே. குறையற்றவர் அல்லர், அவரது இல்லறம் கசப்பாகவே முடிந்தது. அவர் வழிவந்த மிஷனெரிமார் 1814இல் யாழ்ப்பாணத்திற்கும் 1817இல் சென்னைக்கும் வந்து பள்ளிகள் நிறுவினர்.

இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் எண்பத்தேழு வயது முதியவராக அவர் எழுதிய கடிதம், அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கமளிப்பது. 1791 மார்ச் 2ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். தம் இறுதி ஊர்வலத்தில் குதிரை வண்டியோ ஆடம்பரமோ கூடாது என்றும், ஏழையர் அறுவர் தம் உடலைச் சுமக்க வேண்டும் என்றும், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுன் தரவேண்டும் என்றும் உயிலில் எழுதியிருந்தார். அவ்வாறே அறுவர் சுமந்து சென்றனர்.