நான்கு நிமிடப் பிழை

பழைய அமெரிக்கச் சட்டைப்பை கடிகாரங்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, 21 கற்கள் கொண்ட ஹாமில்டன் 992. அதில் அலங்காரம் ஏதுமில்லை; வெள்ளை முகப்பில் தடித்த கறுப்பு எண்கள் மட்டுமே. ஏன் இத்தனை எளிமை என்று தேடியபோதுதான் வெப் சி. பால் என்பவரை அறிந்தேன்.

அவர் 1847-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். நகைக்கடையில் தொழில் பழகி, 1879-இல் கிளீவ்லாந்து நகரில் கடை நடத்தத் தொடங்கினார். 1883-இல் அமெரிக்க இரயில்வே பொது நேர முறைக்கு மாறியதும், வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தின் நேரத்தைத் தந்திவழி பெற்றுத் தம் கடைக் கடிகாரத்தைச் சரிபார்த்தார்.

1891 ஏப்ரலில் கிப்டன் என்ற சிற்றூரில் இரண்டு இரயில்கள் மோதின. விரைவு அஞ்சல் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய பயணிகள் வண்டி, தாமதமாக வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்றுவிட்டு மீண்டும் ஓடியதே காரணம் என்று கூறப்பட்டது. அஞ்சல் ஊழியர்கள் உட்பட 8 பேர் மாண்டனர்.

அதன்பின் இரயில்வே நிர்வாகம் பாலைத் தலைமை நேர ஆய்வாளராக நியமித்தது. அவர் புதிய கடிகாரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தார். தேய்மானத்தைக் குறைக்கக் குறைந்தது 17 கற்கள் வேண்டும். ஐந்து நிலைகளில் வைத்துச் சோதிக்க வேண்டும். வாரத்திற்கு 30 விநாடிக்கு மேல் பிழை கூடாது. அதாவது, நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 விநாடி! ஊழியர்களின் கடிகாரங்கள் முறையாகப் பரிசோதிக்கப்பட்டன. வால்தம், ஹாமில்டன் போன்ற நிறுவனங்கள் அவருடைய விதிகளின்படி தயாரித்த கடிகாரங்கள் அவர் பெயரிலேயே விற்பனையாயின. 1922-இல் அவர் மறைந்தார்.

என் ஹாமில்டனில் நேரத்தை மாற்ற, முகப்புக் கண்ணாடி மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறு நெம்புகோலை இழுக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது முள் தவறியும் நகரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முதலில் எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. கிப்டன் விபத்தைப் பற்றி அறிந்த பிறகு, அந்த நெம்புகோலை இழுக்கும்போதெல்லாம் அந்த 8 பேரை நினைத்துக்கொள்கிறேன். சிறிய பிழைதானே என்று விட்டுவிட இப்போது எனக்கு மனம் வருவதில்லை.