ஹூபர்மனும் அவருடைய பிடிலும்

சங்கீத வித்வானுக்கு ராஜ்ய விவகாரங்களில் என்ன வேலை என்று கேட்போர் எல்லாத் தேசங்களிலும் உளர். அவர்களுக்கு விடையாகப் பிரானிஸ்லாவ் ஹூபர்மன் என்னும் பிடில் வித்வானின் சரித்திரத்தை நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ருஷ்ய ஆதிக்கத்திலிருந்த போலந்து நாட்டில், ஒரு யூத குடும்பத்தில், 1882-ம் வருஷம் ஹூபர்மன் பிறந்தார். 1896-ல், பதின்மூன்று வயதுப் பாலகராக, வியன்னா நகரில் பிராம்ஸ் இயற்றிய பிடில் கன்சர்ட்டோவை, வாத்திய கோஷ்டியுடன், பிராம்ஸின் முன்னிலையிலேயே வாசித்துக் கீர்த்தி பெற்றார். பிற்காலத்தில், இத்தாலிய நிபுணர் ஸ்ட்ராடிவாரி 1713-ல் செய்த அபூர்வமான பிடில் ஒன்று அவருக்குச் சொந்தமாயிற்று. 1919-ல் வியன்னாவில் அது களவுபோய், விரைவிலேயே திரும்பக் கிடைத்தது.

1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்ததும், யூத வித்வான்கள் ஜெர்மானிய வாத்திய கோஷ்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். அவ்வருஷமே, பெர்லின் பில்ஹார்மானிக் கோஷ்டியை நடத்தி வந்த பர்ட்வாங்க்லர் ஹூபர்மனைத் தம்முடன் வாசிக்க அழைத்தார். பெரிய கௌரவந்தான், ஆயினும் ஹூபர்மன் மறுத்துவிட்டார். தனக்கு மட்டும் சலுகை, தன் சகோதரருக்கு அவமதிப்பு என்றால், அச்சலுகை லஞ்சமே அல்லவா? விவகாரம் கச்சேரியைப் பற்றியதன்று, மனித சுதந்திரத்தைப் பற்றியது என்பதே அவர் கொண்ட நிலை.

மறுப்போடு அவர் நின்றுவிடவில்லை. வேலையிழந்த வித்வான்களைப் பாலஸ்தீனத்தில் சேர்த்து, ஒரு புதிய வாத்திய கோஷ்டி அமைக்க முனைந்தார். 1936 பிப்ரவரி 28-ல், நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அவர் வேறொரு பிடிலை வாசித்துக்கொண்டிருக்கையில், அறையில் வைத்திருந்த ஸ்ட்ராடிவாரி பிடில் மீண்டும் திருடு போயிற்று. அந்த நஷ்டத்திலும் அவர் எடுத்த காரியத்தைக் கைவிடவில்லை. அவ்வருஷம் டிசம்பர் 26-ல், டெல் அவிவ் நகரில் புதிய கோஷ்டியின் முதற் கச்சேரியை டாஸ்கனினி ஊதியம் பெறாமல் நடத்திக் கொடுத்தார். உத்தியோகமும் உறைவிடமும் இழந்தோர் அங்கே மீண்டும் வித்வான்களாக அமர்ந்தனர்.

1937-ல் சுமத்ராவில் நேர்ந்த விமான விபத்தில் ஹூபர்மனின் கை முறிந்தது. தேறி மறுபடியும் வாசித்தார். 1947-ல் ஸ்விட்ஜர்லாந்தில் காலமானார். களவுபோன பிடிலை அவர் திரும்பக் காணவில்லை. அதை ஒளித்து வைத்திருந்த வாத்தியக்காரர் ஒருவர் 1985-ல் மரணத் தறுவாயில் தம் மனைவியிடம் உண்மையைச் சொன்ன பின்னரே அது வெளிப்பட்டது. 2001-ல் அது ஜோஷுவா பெல் என்ற அமெரிக்க வித்வானின் கைக்கு வந்து, மேடைகளில் மீண்டும் ஒலித்தது.

போன பிடில் ஐம்பது வருஷங்களுக்குப் பிறகேனும் கிடைத்தது. 1933-ல் ஹூபர்மன் தம் மானத்தை விட்டுக்கொடுத்திருந்தால், அதை மீட்டுத் தர எவராலும் முடிந்திராது. பொதுக்காரியத்தில் இறங்குவோர் இதை மறவாதிருப்பாராக.