எலைஜா மெக்காய்: எண்ணெய்க்கு வழி சொன்ன எஞ்சினியர்

ஜேம்ஸ் வாட், ருடால்ஃப் டீசல்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் தெரியும். எலைஜா மெக்காய்னு சொன்னா? பாதிப் பேர் முழிப்போம். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த பெயர் இது. எஞ்சினுக்குள்ள எண்ணெய் எங்கே, எப்போ, எவ்வளவு போகணும்னு வாழ்க்கை முழுக்க யோசிச்ச மனுஷன்.

1844-ல் கனடாவின் ஒன்டாரியோவில், கோல்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜார்ஜ், அம்மா மில்ட்ரெட் இருவரும் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து, தப்பித்து எல்லை தாண்டி வந்தவர்கள். பிறகு குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு மெஷின்னா உயிர். 15 வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே அப்ரென்டிஸாக இருந்து, மெக்கானிக்கல் எஞ்சினியராகத் திரும்பினார்.

ஃபாரின் படிப்பு, பக்காவான கோர் ஸ்கில். வேலை கிடைச்சிருக்கும்னுதானே நினைக்கிறீங்க? கறுப்பர் என்பதால் எஞ்சினியர் வேலை தர யாரும் தயாராக இல்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கிடைத்தது ஃபயர்மேன் வேலைதான். பாய்லருக்குக் கரி அள்ளிப் போடணும், எஞ்சினுக்கு எண்ணெய் விடணும்.

இந்த எண்ணெய் விடுற வேலையைக் கொஞ்சம் கவனிங்க. அந்தக் காலத்து எஞ்சின்களில் பல பாகங்களுக்கு, வண்டியை நிறுத்தி, ஆள் இறங்கிக் கையாலேயே எண்ணெய் விட வேண்டியிருந்தது. விடாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி, சூடேறி, ஜாம் ஆகிடும். ஓடுற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் மெக்காயை உறுத்தியது. எஞ்சின் ஓடும்போதே தனக்குத்தானே எண்ணெய் விட்டுக்கொண்டால் என்ன?

1872-ல் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார். ஐடியா ரொம்ப சிம்பிள். ஒரு எண்ணெய்க் கிண்ணம், அடியில் ஒரு வால்வு. எஞ்சினின் நீராவி அழுத்தமே அந்த வால்வைத் திறந்து எண்ணெயை உள்ளே விடும். தானாக எண்ணெய் விடும் கருவிகள் அவருக்கு முன்பும் உண்டு. இங்கிலாந்தில் ராம்ஸ்பாட்டம் 1860-லேயே ஒன்று செய்திருந்தார். ஆனால் மெக்காய் ஒன்றோடு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப மேம்படுத்திக்கொண்டே இருந்தார். மொத்தம் 57 பேட்டன்ட். பெரும்பாலானவை லூப்ரிகேஷன் பற்றியவை. நடுவில் ஒரு இஸ்திரி மேஜையும் உண்டு! சூப்பர்ஹீட்டட் நீராவி வந்தபோது சாதாரண எண்ணெய் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. அதற்காக எண்ணெயோடு கிராஃபைட் தூள் கலந்து அனுப்பும் லூப்ரிகேட்டரை 1915-ல் கொண்டுவந்தார். அப்போ அவருக்கு வயது 70-க்கு மேல்.

அவர் யோசிச்ச அதே கேள்விதான் இன்னைக்கு உங்க வீட்டு காருக்கும். போக வேண்டிய இடத்துக்கு அளவாகப் போனால் லூப்ரிகேஷன், வேற வழியில் வெளியே வந்தால் லீக். கார் நின்ற இடத்தில் பழுப்போ கறுப்போ கறை இருந்தால் எஞ்சின் ஆயிலாக இருக்கலாம். பச்சை, ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, பயப்படாதீங்க. சூட்டில் வருஷக்கணக்காக வெந்து இறுகிய கேஸ்கட், தேய்ந்த ஆயில் சீல், சரியாக முறுக்காத டிரெயின் போல்ட், இவைதான் வழக்கமான காரணங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். அதனால் சொட்டுற இடத்தை மட்டும் பார்க்காதீங்க. ஈரம் தொடங்குற மிக உயரமான இடத்தைத் தேடுங்க. கறையே இல்லாமல் டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்து, புகை நீலமாக வந்தால் எண்ணெய் உள்ளேயே எரிகிறது.

மெக்காயின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு கசிவு இருந்தது. தொழிற்சாலை வைக்கப் பணம் இல்லாததால் பல பேட்டன்ட் உரிமைகளை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். உழைப்பு அவருடையது, லாபம் வேற இடத்துக்கு. தன் பெயரில் கம்பெனி தொடங்கியது 1920-ல்தான். 1922-ல் நடந்த கார் விபத்தில் அவரும் மனைவி மேரியும் காயமடைந்தார்கள். பின்னர் மேரி இறந்தார். மெக்காய் 1929 அக்டோபர் 10 அன்று மிச்சிகனில் ஒரு மருத்துவமனையில் காலமானார்.

அசல் சரக்கு என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் 'ரியல் மெக்காய்'னு சொல்வாங்க. அது இவரால் வந்த சொல் என்பது பிரபலமான கதை, ஆனால் உறுதியான ஆதாரம் கிடையாது. உறுதியானது வேற ஒன்று: 2012-ல் டெட்ராய்ட்டில் திறந்த அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகக் கிளைக்கு எலைஜா மெக்காய் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிளேஸ்மென்ட்ல கோர் வேலை கிடைக்கலையேன்னு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, கிடைச்ச வேலையில் தினமும் எது உறுத்துதுன்னு பாருங்க. உங்க முதல் பேட்டன்ட் அங்கேதான் இருக்கலாம்.