மௌனப்பட முன்னோடி நடராஜ முதலியார்

தென்காசிக் கோபுரத்தையும் குற்றால அருவியையும் அசையும் படமாக்க இன்று கைப்பேசி ஒன்றே போதும். நூறாண்டுகளுக்கு முன்னர் ஒளிப்பதிவுக் கருவியும் அதனை இயக்கத் தெரிந்தவரும் மிக அரிது. அக்காலத்தில் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படத்தை உருவாக்கியவர் ஆர். நடராஜ முதலியார்.

வேலூரில் 1885ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னையில் மோட்டார் வாகன வணிகம் செய்துவந்தார். தாதாசாகேப் பால்கேயின் படங்கள் இவர் உள்ளத்தில் திரைக்கலை ஆர்வத்தை விதைத்தன. கற்பிக்கும் நிறுவனங்கள் இல்லாத நிலையில், புனேயில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரை நாடிச்சென்று, கருவியை இயக்கும் முறையைக் கற்றார்.

1917ஆம் ஆண்டு சென்னைப் புரசைவாக்கத்தில் 'இந்தியா பிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார். அதன் முதல் படம் 'கீசக வதம்'. மக்கள் நன்கறிந்த பாரதக் கதையாதலால், பேச்சொலி இன்றியும் அவர்கள் அதனைப் பின்தொடர முடிந்தது. நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஆலோசனை வழங்கினார். காட்சிகளுக்கு இடையே விளக்க வரிகள் காட்டப்பட்டன.

அன்றைய ஒளிப்பதிவு அரும்பணி. கருவியைக் கையால் சீராகச் சுழற்ற வேண்டும். சுழற்சி தளர்ந்தால் திரையில் மாந்தர் விரைந்தோடுவர். மிகுந்தால் மெல்ல ஊர்வர். கதிரவனே விளக்கு. மேலே மெல்லிய வெண்துணி கட்டி வெயிலின் கடுமையைத் தணித்தனர். சென்னையின் வெப்பம் படச்சுருளைக் கழுவ ஏற்றதன்று. எனவே, அப்பணி பெங்களூரில் நடைபெற்றது. காட்சி செம்மையாகப் பதிந்ததா என்பது அதன் பின்னரே தெரியும்.

'கீசக வதம்' வெற்றி பெற்றது. 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா', 'மார்க்கண்டேயா' முதலிய படங்கள் தொடர்ந்தன. ஆயினும், 1923ஆம் ஆண்டளவில் படப்பிடிப்பு நிலையத்தைத் தீ அழித்தது, மகனையும் இழந்தார். அத்துயரங்களுக்குப் பின் திரைத்துறையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக்கூட எட்டவில்லை.

பேசும்படம் வந்ததையும் வண்ணப்படம் வளர்ந்ததையும் விலகி நின்றே கண்ட அவர், 1971ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய படங்களுள் ஒன்றேனும் இன்று காணக் கிடைக்கவில்லை. ஒரு கலையைத் தோற்றுவிப்பது போலவே அதன் ஆக்கங்களைப் பேணிக் காப்பதும் சமுதாயத்தின் கடமை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.